யேனா நகரத்து ஏர்ன்ஸ்ட் ஆபே

அறிவியற்கூடத்தில் நுண்ணோக்கியின் குழலிற் கண்வைத்து நோக்கும் மாணவர் பலர். அக்கருவியின்மேற் பொறித்துள்ள பெயரை நோக்குவோர் மிகச் சிலர். உலகின் பழைய ஆய்வுக்கூடங்கள் பலவற்றிலுள்ள நுண்ணோக்கிகளில் கார்ல் சைஸ் என்னும் பெயரும் யேனா என்னும் ஊர்ப்பெயரும் காணப்படும். அப்பெயருக்குரியவர் ஒருவர், அப்பெயரை உலகறியச் செய்தவர் மற்றொருவர். பின்னவர் தம் பெயரைக் கருவியின்மேற் பொறித்துக்கொண்டிலர். தம் தொழிற் பங்குகளையெல்லாம் வைத்து நிறுவிய அறநிலையத்துக்கும் தம் பெயரைச் சூட்டினாரில்லை. அவரே ஏர்ன்ஸ்ட் ஆபே என்னும் ஜெர்மானிய அறிஞர். ஒளிநூல் கற்பார் அவரைச் சில விதிகளின் ஆசிரியராக அறிவர். யாம் அவ்வகையில் அவரைப்பற்றி எழுதப் புகுந்திலம். பௌதிகம் பயிலும் நண்பர் எம்மினும் அதனை நன்கு எழுதுவர். ஒரு தொழிற்சாலையை நெறியோடு நடத்துவது எங்ஙனம், அங்கு உழைப்பார் மனமொன்றி உழைப்பது எதனால் என்னும் வினாக்களுக்கு அவர் தம் வாழ்நாளால் இறுத்த விடையையே ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

ஜெர்மனியின் நடுவிலுள்ள துரிங்கியாப் பகுதியில் ஐசனாக் என்றொரு நகர் உண்டு. அதனை அடுத்த மலைமேல் நிற்கும் வார்ட்புர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்தபோதுதான் மார்ட்டின் லுத்தர் 1521-22-ஆம் ஆண்டுகளிற் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியிற் பெயர்த்தனர். இசைவாணர் பாஹ் 1685-இற் பிறந்ததும் அந்நகரிலேயே. அத்தகைய ஊரில் 1840-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள், நூலாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாக ஆபே பிறந்தார்.

தந்தையார் நாள்தோறும் ஆலையில் நின்றுகொண்டே வேலை செய்தவர். வேலை இயல்பாக நடக்கும் காலத்தில் நாளொன்றுக்குப் 14 மணி. வணிகம் செழித்த காலத்தில் 16 மணி. நண்பகல் உணவுக்கென்று ஓய்வு இல்லை. சிறுவன் ஆபேயோ அவன் தங்கையோ வீட்டிலிருந்து உணவு கொண்டுசெல்வர். தந்தையார் பொறியின்மேற் சாய்ந்தோ ஒரு பெட்டியின்மீது அமர்ந்தோ அதனை விரைந்து உண்டு, வெறுங்கலத்தைப் பிள்ளைகள் கையிற் கொடுத்துவிட்டு, அந்நொடியே வேலையில் இறங்கிவிடுவார். அவர் நெடிய உருவமும் பேராற்றலும் வாய்ந்தவர். வளர்ந்த பின்னும் ஆபே அவரினும் அரைத் தலை குறைவு. அத்தகையவர் 48 வயதிலேயே நடையாலும் தோற்றத்தாலும் கிழவராயினர். அவரைப்போல வலிமை வாய்க்காத உடன்தொழிலாளர் 38 வயதிலேயே கிழவராயினர். இவற்றையெல்லாம் ஆபே தம் அறுபதாம் வயதைக் கடந்தபின், அறிஞர் கூடிய அவையொன்றில், தாமே எடுத்துரைத்தார். அத்தனை ஆண்டுகள் அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இங்கே ஒன்று கருதத்தக்கது. அவ்வாலையின் உரிமையாளர் கொடியவர் அல்லர். தொழிலாளியின் மகன் கூரிய அறிவுடையவன் என்றறிந்து, அவன் மேற்பள்ளியிற் படிக்கப் பொருளுதவி செய்தவர் அவரே. மகனைக் கற்பித்த கையும் தந்தையை நாற்பத்தெட்டிற் கிழவனாக்கிய கையும் ஒன்றே. முதலாளி கொடியவராயிருப்பின் ஆபே அவரை வெறுத்து அமைந்திருக்கலாம். அவர் நல்லவராயிருந்தமையாலன்றோ, நல்லவர் ஒருவரின் இரக்கத்தை நம்பி ஆயிரம் பேர் வாழ்வது அமையுமா என்னும் வினா ஆபேயின் உள்ளத்தில் எழுந்தது? அவர் பிற்காலத்திற் செய்தவற்றுக்கெல்லாம் வேர் இவ்வினாவே என்பது எம் துணிபு.

யேனாவிலும் கெட்டிங்கனிலும் வறுமையோடு கல்வி பயின்று 1861-இல் ஆபே டாக்டர் பட்டம் பெற்றார். 1863-இல் யேனாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக அமர்ந்தார். அவ்வூரிலேதான் கார்ல் சைஸ் 1846-இல் ஒரு சிறிய பட்டறை தொடங்கி நுண்ணோக்கிகள் செய்துவந்தனர். சைஸ் கண்டிப்பு மிக்க தொழிலாசான். குறையுடைய கருவி கண்ணிற்படின் அதனைச் சம்மட்டியால் தாமே உடைத்தெறிவார் என்று கூறுவர். 1866-இல் அப்பட்டறையினின்று ஆயிரமாவது நுண்ணோக்கி வெளிப்போந்தது. அப்பொழுது அங்கு வேலை செய்தவர் ஏறத்தாழ இருபதின்மரே.

அக்காலத்து வில்லைகள் செய்யப்பட்ட முறை நமக்கு வியப்பளிக்கும். கைத்தேர்ச்சி மிக்க தொழிலாளி ஒருவன் வில்லைகளைத் தேய்த்துத் தேய்த்து, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, நல்லுருவம் தெரியுங்காறும் மாற்றிக்கொண்டேயிருப்பான். இன்று நன்றாய் அமைந்தது நாளையும் அமையும் என்பதற்கு உறுதியில்லை. கணக்கினால் முன்னரே வடிவம் வகுத்து, அவ்வாறே செய்தல் கூடாதா என்று சைஸ் நெடுநாள் எண்ணியிருந்தார். தமக்குக் கணிதம் போதாமையால் 1866-இல் ஆபேயின் துணையை நாடினார். முதற்பயன் தோல்வியாக முடிந்தது. பிழைகளைக் குறைக்கக் கருதி ஒளி புகும் வாயை ஆபே சுருக்கினார்; கணக்கின்படி செய்த வில்லைகள் பழைய வில்லைகளினும் தாழ்ந்த உருவத்தையே காட்டின. பல்லாண்டு உழைப்பும் சைஸின் பெரும்பொருளும் அதிற் செலவாயின. ஏன் இவ்வாறாயிற்று என்று ஆராய்ந்தபோதுதான், நுண்பொருளின்மேற் பட்ட ஒளி வளைந்து பரவுகின்றது என்பதும், அவ்வாறு பரவிய ஒளியைக் கூடியமட்டும் அகன்ற வாயுள்ள வில்லை வாங்கிக்கொண்டாலன்றி நுண்கோடுகள் தெரியா என்பதும் அவருக்குப் புலனாயின. 1872 முதல் சைஸ் பட்டறையின் நுண்ணோக்கி வில்லைகளெல்லாம் கணக்கின்படியே செய்யப்பட்டன.

கணக்கு மட்டும் போதுவதன்று. அதனைக் கைகள் நிறைவேற்றவேண்டும். ஆபே தொழிலாளருக்கென்று அளவுகருவிகள் பல இயற்றினார். பட்டறையின் தலைமைத் தொழிலாளராகிய ஆகஸ்ட் லோபர் வில்லையின் வளைவைச் சோதிக்கும் கண்ணாடியொன்றை முன்னரே அமைத்திருந்தார். படியாத தொழிலாளியின் கையறிவும் பேராசிரியரின் நூலறிவும் ஒரு மேசையிற் கூடின என்றே சொல்லவேண்டும். இச்சேர்க்கையை ஆபே ஒருபோதும் மறந்திலர்.

பின்னர் நிகழ்ந்த வளர்ச்சியைச் சுருங்கச் சொல்வோம். எண்ணெயில் தோயவைத்து நோக்கும் புதுவகை வில்லை 1878-இல் வந்தது. இராபர்ட் கோஹ் 1882-இற் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த காலத்தில் ஆபேயின் ஒளிக்குவிப்பியும் சைஸ் வில்லைகளும் அவருக்குக் கைகொடுத்தன. புதுக் கண்ணாடி வகைகளைத் தேடி ஓட்டோ ஷொட் என்னும் வேதிநூலாரை ஆபே யேனாவுக்கு அழைத்தார்; 1884-இல் கண்ணாடித் தொழிற்கூடம் தோன்றியது. 1886-இற் பதினாயிரமாவது நுண்ணோக்கி முடிந்தது. இதற்கிடையில், 1870-களின் நடுவிலேயே, சைஸ் ஆபேயைத் தொழிலிற் பங்காளியாக்கிக்கொண்டார். பெர்லின் நகரத்துப் பேராசிரியர் பதவி தேடிவந்தும் ஆபே யேனாவை விட்டு அகன்றிலர். நூலாலைத் தொழிலாளியின் மகன் பெருஞ்செல்வரானார்.

செல்வம் வந்தபோது அவர் தம்மையே கணக்குக் கேட்கத் தொடங்கினார். இவ்வருவாயில் எம் பங்கு யாது என்பது கேள்வி. தம் அறிவுழைப்புக்குரிய ஊதியம் ஒரு கூறு. அதனைப் பெறுவதில் அவர் நாணினாரல்லர். ஆயின் அதற்கு மேல் வந்து குவியும் பெரும்பொருள் எவருடையது? அது பலருடைய உழைப்பு ஒழுங்காகச் சேர்ந்தமையால் விளைவது. தலைமுறை தலைமுறையாகத் திரண்ட கைத்தேர்ச்சியால் விளைவது. பல்கலைக்கழகம் வளர்த்த கல்வியால் விளைவது. ஒருவர் அதனைத் தமதென்று எடுத்துக்கொள்ளுதல் நேர்மையாகாது என்று முடிவுகட்டினார். நுண்ணோக்கியிற் செய்த புதுமைகளை அவர் காப்புரிமையாற் பூட்டிவைக்காததும் இவ்வெண்ணத்தின் பாற்பட்டதே.

கார்ல் சைஸ் 1888-ஆம் ஆண்டு டிசம்பரிற் காலமானார். அடுத்த ஆண்டு மேத் திங்களில் ஆபே ஓர் அறநிலையத்தை நிறுவி, அதற்குத் தம் பழைய தலைவரின் பெயரையே இட்டார். 1891-இல் ஒளிக்கருவித் தொழிற்சாலையில் தமக்கிருந்த பங்கையும் கண்ணாடித் தொழிலில் தமக்கிருந்த பங்கையும் அதற்கு உரிமையாக்கினார். சைஸின் மகனாருக்கு ஈடு கொடுத்து அவர் பங்கும் அறநிலையத்தைச் சேர்ந்தது. அன்றுமுதல் சைஸ் தொழிற்சாலைக்கு ஆளாகிய முதலாளி எவரும் இலர், அறநிலையமே முதலாளி. ஆபே சம்பளம் பெறும் நிருவாகிகளுள் ஒருவராக அங்கே தொடர்ந்து வேலை பார்த்தார். கொடுத்துவிட்டு ஒதுங்கியவர் பலரைக் கேட்டிருக்கிறோம். கொடுத்தபின் அதே மேசையில் அமர்ந்து ஊழியம் செய்தவர் அரியர்.

அறநிலையத்தின் விதிகளை ஐந்தாண்டுகள் ஆய்ந்து ஆய்ந்து எழுதி 1896-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவரது உள்ளத்தைக் காண விரும்புவார் அவ்விதிகளையே காணவேண்டும். தொழிலாளிக்கு ஒருமுறை வகுத்த வாரக்கூலியைப் பின்னர்க் குறைத்தலாகாது. வணிகம் நலிந்தாலும் ஆகாது. ஊதியத்தோடு கூடிய விடுமுறை உண்டு. மூப்பெய்தியவருக்கும் நோயால் வலியிழந்தவருக்கும் ஓய்வூதியம் உண்டு. ஆண்டு வருவாயிற் பங்குண்டு. சில ஆண்டுகள் வேலை செய்தவரை அவர்மேற் குற்றமின்றி நீக்கினால், பல திங்கட் கூலியை ஈடாகக் கொடுத்தே நீக்கவேண்டும். இவ்விறுதி விதி இரக்கத்தால் மட்டும் எழுந்ததன்று. செழிப்பான காலத்தில் ஆட்களை வாரிச் சேர்த்து, நலிந்த காலத்தில் தெருவில் விடும் ஆலைகளை ஆபே கண்டவர். நீக்குவதற்கு விலை உண்டென்றால், சேர்க்கும்போதே நிருவாகிகள் எண்ணித் துணிவர் என்பது அவர் கருத்து.

மேலிருப்பாரைக் கட்டும் விதியும் ஒன்றுண்டு. அலுவலர் எவருக்கும், நிருவாகிகளுக்குமே, தேர்ந்த தொழிலாளரின் சராசரி ஆண்டுவருவாயைப்போற் பத்து மடங்குக்கு மேற்பட்ட ஊதியம் அளித்தலாகாது. தலைவர் தம் சம்பளத்தை உயர்த்த விரும்பினால் முதலில் தொழிலாளியின் கூலியை உயர்த்தியாகவேண்டும்! ஆபே தம் ஊதியத்தையும் இவ்வரம்புக்குள் வைத்துக்கொண்டார். மற்றொரு விதி, ஒருவரைப் பதவிக்குத் தெரியும்போது அவரது குலத்தையோ சமயத்தையோ அரசியற் கட்சியையோ நோக்குதல் கூடாதென்றது. யூதர்மேல் வெறுப்பு ஜெர்மனியில் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. யூதக் குடியிற் பிறந்த ஸீக்ஃபிரீட் சாப்ஸ்கி என்னும் அறிஞர் ஆபேயின் வலக்கையாக விளங்கி, நிருவாகக் குழுவிலும் அமர்ந்தார்.

இவ்விதிகளின் உயிர்நிலை யாதெனின், இவை யாவும் வழக்குமன்றம் ஏறிக் கேட்கக்கூடிய உரிமைகள் என்பதே. அக்காலத்து ஜெர்மானிய ஆலைமுதலாளருட் சிலர் தம் தொழிலாளருக்கு வீடும் மருத்துவமும் வழங்கினர். ஆயின் அவை வழங்குவோர் மனம் மாறினால் நின்றுபோகும். வாங்குவோர் வாய்திறந்து முறையிட்டாலும் நின்றுபோகும். அவ்வகைக் கொடையை ஆபே விரும்பிலர். தமிழ் கற்கும் நாம் கடையெழு வள்ளல்களின் கதையிலே திளைத்தவர்கள். முல்லைக்குத் தேர் ஈந்தவனையும் மயிலுக்குப் போர்வை ஈந்தவனையும் எண்ணி மகிழ்பவர்கள். எனினும் கொடுப்பவன் கை மேலாகவும் கொள்பவன் கை கீழாகவும் நிற்பதை நம் புலவரும் உணர்ந்தே வருந்தினர். ஓய்வூதியத்துக்கு நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பெயர் உபகாரச் சம்பளம் என்பது. அச்சொல்லிலேயே கொள்பவன் தலை குனிந்துவிடுகின்றது. ஆபே அச்சொல்லைக் கேட்டிருப்பின் ஒப்பியிரார்.

தொழிலாளர் தாமே தேர்ந்தெடுக்கும் குழுவொன்றையும் விதிகள் ஏற்றுக்கொண்டன. ஆயின் அக்குழு கருத்துரைக்கலாமேயன்றி முடிவுசெய்தல் இயலாது. முடிவு நிருவாகிகள் கையிலேயே இருந்தது. இது குறையென்று அக்காலத்தவர் சிலர் கூறினர்; எமக்கும் அவ்வாறே தோன்றுகின்றது. உரிமையை இவ்வளவு நுணுகி ஆய்ந்தவர் ஆட்சியில் தொழிலாளருக்கு இடம் தர ஏன் தயங்கினார் என்பது ஆராயத்தக்கது.

இனி எட்டுமணி நேர வேலையின் வரலாறு. தந்தையின் பதினாறு மணியைக் கண்ட மகன் வேலைநேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துவந்து, 9 மணியில் நிறுத்தியிருந்தார். 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அதனை 8 மணியாக்கினார். அப்போது அங்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். தம் சொல்லை அவர்கள்மேற் சுமத்தாமல், ஒன்பது மணியில் முடித்த வேலையை எட்டு மணியில் முடிக்க இயலுமென்று கருதுகின்றனரா என்று முன்னரே கேட்டார். பெரும்பாலார் இயலும் என்றனர். அதன்பின் ஓராண்டு கழியவிட்டுக் கணக்கெடுத்தார். நுண்ணோக்கி செய்த அறிவுக்கு இதுவும் ஒரு சோதனையே.

செய்த உருப்படிக்குத் தக்கபடி கூலி பெறுவோருள், பல்லாண்டுத் தேர்ச்சியுடைய 233 பேரைத் தெரிந்துகொண்டார். முந்திய ஆண்டில் அவர்கள் மணியொன்றுக்கு ஈட்டியதையும் புதிய ஆண்டில் ஈட்டியதையும் ஒப்பிட்டார். உருப்படிக்குரிய கூலி மாறாதிருந்ததால், ஈட்டம் உயர்ந்தால் வேலை உயர்ந்ததென்று பொருள். ஒன்பது மணியை எட்டாக்கியதால் நட்டம் நேராதிருக்க வேண்டுமானால், மணிக்கு 100 பங்கு செய்தவர் 112½ பங்கு செய்தல் வேண்டும். கணக்கிற் கண்டதோ 116.2. எட்டு மணி வேலை ஒன்பது மணி வேலையினும் நூற்றுக்கு மூன்று பங்கு மிகுதியாயிற்று. பொறிகள் இழுத்த மின்சாரத்தையும் அளந்து பார்த்தார். அதுவும் வேலை விரைந்ததையே காட்டியது.

ஏன் இவ்வாறாயிற்று? ஆபே தந்த விளக்கம் எளிது. பொறியொன்று யாதொரு வேலையும் செய்யாமற் சுழன்றாலும் ஆற்றலைக் குடிக்கும். மனிதன் உடம்பும் அத்தகையதே. ஓசை நிறைந்த கூடத்தில் ஒரே நிலையில் நிற்பதும் இருப்பதும் கருத்தைச் செலுத்திக்கொண்டிருப்பதும் தாமே களைப்பைத் தருவன. ஒரு மணி குறைந்தால் அவ்வீண்களைப்புக் குறைகின்றது, ஓய்வு மிகுகின்றது, எஞ்சிய ஆற்றல் வேலையிற் செல்கின்றது. இன்னொரு செய்தியும் சொன்னார். முதற்சில வாரங்களில் தொழிலாளர் தாமாகவே முயன்று விரைந்தனர். பின்னர் இது தாங்காதென்று விரைவைத் தணித்ததாக எண்ணிக்கொண்டனர். அளந்து பார்த்தபோது விரைவு தணியவேயில்லை! அவர்கள் அறியாமலே உடம்பு புதிய நடைக்குப் பழகிவிட்டது. ஊக்கம் என்பது ஏவலாலும் அறிவுரையாலும் வருவதென்று எண்ணும் தலைவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று படிக்கவேண்டும். ஜெர்மனியிற் சட்டத்தால் எட்டுமணி வேலை வந்தது 1918-ஆம் ஆண்டின் இறுதியிலேதான்.

ஆபேயின் முறையை எல்லாரும் மேற்கொள்ளலாகுமா என்று கேட்பின், யாம் தயங்கியே விடை கூறுவோம். யேனாவிற் செய்த கருவிகளுக்கு உலகில் ஈடு குறைவு. ஆகவே விலையும் வருவாயும் மிகுதி. போட்டி மிகுந்து சிறுவருவாயில் நடக்கும் பஞ்சாலைக்கு அத்தனை விதிகளையும் தாங்குதல் அரிது. ஆயின் கூலியைத் தாங்க இயலாதென்று கூறும் ஆலையின் தலைவர் எத்தனை மடங்கு பெறுகின்றார் என்று கேட்பதற்குப் பெருவருவாய் வேண்டியதில்லை.

அறநிலையத்தின் பொருள் தொழிற்சாலைக்குள்ளே அடங்கிவிடவில்லை. பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் உதவி சென்றது. நகரத்தார் யாவரும் சென்று படிக்கும் நூற்கூடம் எழுந்தது. 1903-இல் மக்கள் மன்றம் என்னும் பெருங்கட்டடம் திறக்கப்பட்டது. எக்கட்சியாரும் அங்கே கூடிப் பேசலாம் என்பதில் ஆபே உறுதியாய் நின்றார். சமதருமக் கட்சியாருக்கு இடந்தரப் பலர் அஞ்சிய காலம் அது.

அவ்வாண்டிலேயே உடல்நலம் கெட்டுத் தொழிலினின்றும் விலகினார். பிறரின் வேலைநேரத்தைக் குறைத்தவர் தம் வேலைநேரத்தை ஒருபோதும் குறைத்தவரல்லர். உறக்கமின்மை அவரை வாட்டியது. 1905-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், அறுபத்தைந்து நிரம்ப ஒன்பது நாள் இருக்கையில், யேனாவிற் காலமானார்.

அவர் எழுதிய விதிகள் எல்லாத் தீமையையும் தடுத்துவிடவில்லை என்பதையும் மறைத்தலாகாது. இரண்டாம் உலகப்போரின்போது அதே தொழிற்சாலையில் அயல்நாட்டார் வலிந்து வேலை வாங்கப்பட்டனர். குலமும் சமயமும் நோக்கலாகாது என்ற ஏடு அங்கேதான் இருந்தது; அதனைக் காக்கும் மனிதர் இலராயினர். 1945-இல் அமெரிக்கப் படையினர் விலகும்போது நிருவாகிகளையும் அறிஞர்களையும் மேற்குப் பகுதிக்குக் கொண்டுசென்றனர். 1948-இல் யேனாத் தொழிற்சாலை அரசுடைமையாயிற்று. நாடு இரண்டானதுபோலத் தொழிலும் இரண்டாகி, ஜெர்மனி ஒன்றானபின் மீண்டும் கூடியது. சைஸ், ஷொட் ஆகிய இரு தொழில்நிறுவனங்களுக்கும் ஆபேயின் அறநிலையமே இன்றும் உரிமையுடையது.

யேனா நகரில் மக்கள் மன்றத்தை அடுத்து அவருக்கு நினைவுமண்டபம் ஒன்று 1911-இல் எழுப்பப்பட்டது. எண்கோண வடிவினதாகிய அதன் நடுவே மாக்ஸ் கிளிங்கர் செதுக்கிய ஆபேயின் தலையுருவம் நிற்கின்றது. சுற்றுச்சுவர்களில் வெற்றி வீரரோ தேவகணங்களோ இலர். கொன்ஸ்டான்டின் மொய்னியர் என்னும் சிற்பி வடித்த, சுமக்கும், அறுக்கும், உலைமுன் நிற்கும் தொழிலாளரே உள்ளனர்.